ஒத்துக்காதவர்கள்

ஆவணி 3, செவ்வாய்

இந்த நோட்டு எதற்கு என்றால், பதிவேட்டில் இடம் கிடையாது.

என் மருமகள் சுகந்தி அருப்புக்கோட்டையில் பூந்தளிர் அழகு நிலையம் நடத்துகிறாள். மதுரையில் ஏதோ பயிற்சிக்குப் போனவள், திரும்பி வந்ததும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கடைக்கு வருகிறவர்களுக்குச் சூடு பட்டாலோ, தோல் தடித்தாலோ, அரித்தாலோ, கீறினாலோ இனிமேல் எழுதி வைக்க வேண்டுமாம். அடுத்த தடவை அதே ஆளுக்கு அதையே போட்டு அவஸ்தைப்படுத்தக் கூடாது, அதற்காக.

"எனக்குக் கை பூரா மெழுகு அத்தை. மெர்சிக்கா எழுதினா அவங்களுக்கே படிக்க வராது. நீங்கதான் சும்மா உக்காந்திருக்கீங்க" என்றாள்.

சும்மா உட்கார்ந்திருக்கிறேனாம்! சரி, இருக்கட்டும். இதையும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஞாபகத்துக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இல்லை. இவள் கல்யாணத்தன்று நான் பவுடர் போட்டுக்கொண்டு மணவறைப் பக்கம் போனேன். "மாமியார் மாவு மில்லுல இருந்து நேரா வந்துட்டாங்களா?" என்று இவள் தோழியிடம் கிசுகிசுத்தது, அந்த மேளச் சத்தத்திலும் என் காதில் விழுந்தது. அவள் எப்போதோ மறந்திருப்பாள். அன்றிலிருந்து இன்றுவரை இவள் கை என் முகத்தில் பட விட்டதில்லை.

என் மூத்த மகன் தவறிப் போன பிறகு இந்த வீட்டில் அவளும் நானும்தான். பேத்தி கோயம்புத்தூர் விடுதியில் படிக்கிறாள். எங்களுக்குச் சோறு போடுவது அந்தக் கடை. அதனால் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டேன்.

நேற்றே முதல் ஆள் வந்துவிட்டாள். வங்கியில் வேலை பார்க்கும் மரகதவல்லி. கையில் வாக்ஸ் போடும்போது சூடு தூக்கலாகி முழங்கைப் பக்கம் சிவந்துபோனது. ஐஸ் வைத்து, கற்றாழை தடவி அனுப்பினார்கள். நான் விவரமாக எழுதினேன். சுகந்தி வாங்கிப் பார்த்தாள்.

"என்ன அத்தை இது? இவங்க அம்மா இட்லிக் கொப்பரையை இரவல் வாங்கி நசுக்கிக் கொடுத்தது இங்க எதுக்கு?"

"ஆள் யாருன்னு அடையாளம் வேண்டாமா?"

"அவங்க அக்கா ஏன் புருஷனை விட்டுட்டு வந்தாங்கங்கிறதும் அடையாளமா?"

"அது கடைசி வரிதானே. வேணுங்கிறவங்க படிச்சுக்கட்டும்."

கடையில் கூட வேலை பார்க்கும் மெர்சி புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்த சிரிப்பில் பல்லில் கடித்திருந்த நூல் அறுந்தது. நாற்காலியில் இருந்த பெண் "ஐயோ" என்றாள். அதையும் எழுதலாமா என்று கேட்டேன். சுகந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாலு கட்டம் இருக்கு. பேரு, சாமான், என்ன ஆச்சு, என்ன செஞ்சோம். ஒரு கட்டத்துக்கு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். இன்னொண்ணு அத்தை, இங்க வர்றவங்க விஷயம் இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. பயிற்சியில அதைத்தான் முதல்ல சொன்னாங்க."

ஒரு மனுஷியை ஒரு வார்த்தையில் எப்படி அடைப்பது? மிச்சத்தை எழுதத்தான் பேத்தி பாதியில் விட்டுப்போன இந்த நோட்டு. இது வாசப்படியைத் தாண்டாது. என் தலையணைக்கு அடியில் இருக்கும்.

ஆவணி 6, வெள்ளி

இந்த ஊரில் யாருக்கும் எதுவும் வலிப்பதில்லை. உத்தியோகத்துக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிகிறது.

கண்ணில் தண்ணீர் தாரையாக ஊற்றும். "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லக்கா, தூசி" என்பார்கள். ப்ளீச் போட்டுக் கன்னம் தக்காளியாகப் பழுத்த ஒருத்தி, "வெயில்ல வந்தேன்ல, அதான்" என்றாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மேலுதடு வீங்கிப் போன இன்னொருத்தி எறும்பு கடித்தது என்று சாதிக்கிறாள். கடையில் எறும்பு இருக்கிறது என்று எழுதவா என்று கேட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று பதறிவிட்டாள். சொன்னால் அடுத்த தடவை செய்ய மாட்டார்களோ என்ற பயம், பாவம்.

பயிற்சியிலிருந்து சுகந்தி இன்னொரு சட்டமும் கொண்டுவந்திருக்கிறாள். டை அடிக்க வருகிறவர்களுக்கு முதலில் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்து அனுப்புவாள். அரிப்பு, தடிப்பு ஒன்றும் இல்லாமல் மறுநாளைக்கு மறுநாள் வந்தால்தான் டை. மெர்சி இதற்குத் திருஷ்டிப் பொட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். பொட்டு வைத்துக்கொள்ளச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். "தலைக்கு அடிக்கச் சொன்னா காதுக்கு அடிக்கிறீங்களே" என்று ஒரு நர்ஸ் அம்மாவே கேட்டது.

சுகந்தி அசைவதில்லை. இவளுக்குப் பிடிவாதம் அதிகம். இந்த விஷயத்தில் மட்டும் பரவாயில்லை.

ஆவணி 7, சனி

இன்று தேவகுஞ்சரி வந்தாள்.

பஜாரில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் நல்லதம்பி அண்ணாச்சியின் சம்சாரம். அண்ணாச்சி வியாபாரிகள் சங்கச் செயலாளர். எங்கள் கடை இருப்பதே சங்கக் கட்டடத்தில்தான். அதனால் சுகந்தி எழுந்து நின்று வரவேற்றாள். நான் எழவில்லை. இவள் வீட்டுப் பால்காய்ப்புக்கு நான் எவர்சில்வர் தூக்குவாளி வைத்தேன், 'சீனியம்மாள் அன்பளிப்பு' என்று பெயர் வெட்டி. மறு வருஷம் என் தங்கை மகள் கல்யாணத்துக்கு இவள் ஒரு தூக்குவாளி கொண்டுவந்தாள். என் பெயரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மேலே தன் பெயரை வெட்டியிருந்தாள். 'சீனி' மட்டும் போகவில்லை. சீனி தேவகுஞ்சரி அன்பளிப்பு!

திங்கட்கிழமை அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். தலைக்கு டை அடிக்க வேண்டும், உடனே.

"இன்னைக்குப் பொட்டு வச்சுட்டுப் போங்க மதினி. திங்கக்கிழமை விடியக்காலையில நானே வீட்டுக்கு வந்து அடிச்சு விடறேன்" என்றாள் சுகந்தி.

"நிச்சயத்தன்னைக்கு விடியக்காலையில நான் டை அடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா? ஆக்கிப் போடறது யாரு? பத்து வருஷமா அடிக்கிறேன், ஒண்ணும் ஆனதில்ல."

"பத்து வருஷம் சும்மா இருந்துட்டுப் பதினோராவது வருஷம் வீங்கும்னு சொன்னாங்க மதினி."

"யாரு சொன்னது? நிச்சயத்துக்குப் போறவகிட்ட வீங்கும் வெடிக்கும்னு பேசுறியே, வாயில நல்ல வார்த்தை வராதா?"

சுகந்தி கெஞ்சிப் பார்த்தாள். பேஷியல் மட்டுமாவது செய்துவிடுகிறேன் என்றாள். தேவகுஞ்சரி கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"உன் கடையில பொட்டு வைக்கத்தான் நான் வரணுமாக்கும். நெத்தியில இருக்கிற பொட்டு போதும் எனக்கு."

போய்விட்டாள். இது காயம் இல்லைதான், ஆனாலும் எழுதி வைப்போம் என்று எழுதினேன். பேரு: தேவகுஞ்சரி. சாமான்: டை. என்ன ஆச்சு: ஒத்துக்கல. என்ன செஞ்சோம்: அனுப்பிட்டோம். தேதி போட்டேன்.

சுகந்தி எட்டிப் பார்த்து, "இப்பதான் அத்தை சரியா எழுதியிருக்கீங்க" என்றாள்.

இருபது வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல்.

ஆவணி 10, செவ்வாய்

கடை விடுமுறை. சுகந்தி வைத்த குழம்பில் புளி அதிகம். வீணாகக் கூடாதே என்று மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டேன்.

நேற்று நிச்சயதார்த்தத்தில் தேவகுஞ்சரியின் முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டதாம். மெர்சி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். கண் ரெண்டும் கோடு. மூக்கைத் தேட வேண்டியிருந்ததாம். மாப்பிள்ளையின் அம்மா தட்டை நீட்டிவிட்டு, "சம்பந்தியம்மா எங்க?" என்று அவளிடமே கேட்டாளாம்.

சிரிக்கக் கூடாது. கொஞ்சம்தான் சிரித்தேன்.

சுகந்தி சிரிக்கவில்லை. "எதையோ வாங்கி வீட்டுலயே அடிச்சிருக்காங்க அத்தை" என்று நகத்தைக் கடித்தாள்.

ஆவணி 11, புதன்

நல்லதம்பி சங்கத்து ஆட்கள் இரண்டு பேரோடு கடைக்கு வந்தான். சின்ன வயதில் இவனுக்கு நான் சளிக்குக் கசாயம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்று என்னைப் பார்த்துத் தலைகூட ஆட்டவில்லை. (எழுதியாச்சு.)

"என் சம்சாரத்துக்கு இங்க டை அடிச்சீங்களா இல்லையா?" என்று கேட்டான்.

"இல்லண்ணாச்சி. டெஸ்ட் வைக்காம அடிக்க முடியாதுன்னு அனுப்பிட்டோம்."

"இங்கதான் அடிச்சேன்னு அவ சொல்றா. சம்பந்தி வீட்டார் முன்னாடி சொன்னா."

அப்போதுதான் மெர்சி குறுக்கே பாய்ந்தாள். அவள் மனதில் ஒன்றும் கிடையாது, நல்லவள். வாய்க்கும் கைக்கும் மட்டும் தாழ்ப்பாள் இல்லை. "நாங்க எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கோம் அண்ணாச்சி! பாருங்க, தேதியோட இருக்கு!" என்று பதிவேட்டை விரித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

நல்லதம்பி கண்ணாடியைப் போட்டான். சத்தமாக வாசித்தான்.

"தேவகுஞ்சரி. டை. ஒத்துக்கல. அனுப்பிட்டோம்."

கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டை ஒத்துக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வீங்கின பொம்பளையை வைத்தியத்துக்குக்கூடக் கூட்டிட்டுப் போகாம அனுப்பிட்டோம்னு வேற எழுதியிருக்கீங்க!" என்றான் நல்லதம்பி.

"அது டை ஒத்துக்கலன்னு இல்ல. அவ ஒத்துக்கல!" என்று நான் கத்தினேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன் பெரியம்மா" என்றான் அவன். போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

நானும் அவனும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம்.

ஆவணி 12, வியாழன்

பஜார் முழுவதும் எல்லார் போனிலும் என் கையெழுத்து. 'ஒத்துக்கல' என்பதில் ஒற்றுக்கெல்லாம் புள்ளி சரியாக வைத்திருக்கிறேன் என்று பேத்தி விடுதியிலிருந்து ஆறுதல் சொன்னாள்.

ஆவணி 13, வெள்ளி

வெள்ளிக்கிழமை, முகூர்த்த மாதம், கடையில் ஈ இல்லை. இரண்டு கல்யாணப் பெண்கள் அலங்காரத்துக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இருவர் வீட்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சங்கத்திலிருந்து ஆள் வந்து, வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கூட்டம், கடையைக் காலி பண்ணச் சொல்வதா என்று அன்று முடிவு பண்ணுவோம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுகந்தி கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு ரொம்ப நேரம் சீப்புகளைக் கழுவினாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"மதுரையில பெரிய பார்லர்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க அத்தை. கடை போச்சுன்னா நான் அங்க போயிடறேன். விடுதியிலதான் தங்கணும். உங்களைத் திருப்பூர்ல கொழுந்தனார் வீட்டுல விட்டுட்டு..."

"அங்க கொசு ஜாஸ்தி" என்றேன்.

கடையில் ப்ளீச் நெடி அதிகமாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. இன்று யாரும் ப்ளீச் போடவில்லை, ஆனாலும் டப்பா திறந்திருந்திருக்கும்.

பால் கெட்டுவிடும் என்று காபி போட்டேன். அவளுக்குச் சர்க்கரை கூட வேண்டும். கூடப் போட்டேன்.

ஆவணி 14, சனி

காலையில் தெருவில் இறங்கி ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒத்துக்கல என்றால் என்ன அர்த்தம்?

காய்க்காரி: "கத்திரிக்காய் எனக்கு ஒத்துக்கல ஆச்சி, திங்கிற அன்னைக்கே சொறி." பால்காரன்: "மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கல ஆச்சி, எல்லாம் பேசி முடிச்ச பிறகு." போலீஸ்காரர் சம்சாரம்: "எங்க வீட்டுக்காரர் எவ்வளவு அடிச்சாலும் சில பேர் ஒத்துக்கவே மாட்டாங்க."

மூன்று பேருக்கு மூன்று அர்த்தம். இந்த லட்சணத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு வார்த்தை!

ஒரு முடிவுக்கு வந்தேன். வார்த்தையிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அவளிடமே கேட்போம். தேவகுஞ்சரி வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று தூக்குவாளி வந்த அன்றைக்கே சபதம் போட்டவள் நான். பின்வாசல் வழியாகப் போனேன்.

போகும்போதே பேச வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன். தூக்குவாளியில் ஆரம்பித்து நிச்சயதார்த்தத்தில் முடிப்பதாக இருந்தேன். அவள் கொல்லையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முக்காடு நழுவியது.

வீக்கம் பாதி வடிந்திருந்தது. ஆனால் வகிட்டிலிருந்து காது வரை தோல் வெந்து நீர் கோத்து வடிந்துகொண்டிருந்தது. அதன் மேல் மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்து அப்பியிருந்தாள்.

"டாக்டர்கிட்டப் போனியா?"

"போனா எல்லாரும் பார்ப்பாங்களே பெரியம்மா."

"இப்ப நான் பார்க்கலையா? எந்திரி."

"சண்டை போட வந்தீங்கதானே?"

"அது எங்க ஓடிப்போகுது. எந்திரிட்டி முதல்ல."

சுகந்திக்குப் போன் போட்டேன். வந்தாள். பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன் பொய் சொன்னாய் என்றுகூட. ஆட்டோவில் ஏற்றித் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

திரைக்கு வெளியே எனக்கு ஸ்டூல் போட்டார்கள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. திரை மெல்லிசு.

"என்ன டை? பாக்கெட் வேணும்மா. எதுன்னு தெரியாம நான் மருந்து குடுக்க முடியாது" என்றது டாக்டரம்மா.

பிறகு தேவகுஞ்சரி அழுதுகொண்டே சொன்னாள். கடையை விட்டுப் போன அன்று அவர்கள் பேன்சி ஸ்டோர் தட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு பாக்கெட்டை எடுத்து மறுநாள் தானே அடித்துக்கொண்டாளாம். எரிகிறது என்று பாதியில் கழுவியிருக்கிறாள். சம்பந்தி வீட்டார் கேட்டபோது தங்கள் கடைச் சாமான்தான் என்று எப்படிச் சொல்வது? மாப்பிள்ளைக்கு அந்தக் கடையைத்தான் எழுதி வைப்பதாகப் பேச்சு. வாயில் வந்த முதல் பெயர் சுகந்தி.

டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்தது. இனி ஜென்மத்துக்கும் எந்த டையும் தொடக் கூடாது என்றது. அதைக் கேட்டதும்தான் அவள் இன்னும் பெரிசாக அழுதாள்.

ஆவணி 15, ஞாயிறு

எனக்குத் தெரியும்! எல்லாம் தெரியும்! இப்போதே பஜார் நடுவில் நின்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் எங்கள் கடை நிமிர்ந்துவிடும்.

செருப்பை மாட்டும்போது சுகந்தி குறுக்கே வந்து நின்றாள்.

"கூடாது அத்தை."

"அவ உன்னைத் தெருவுல நிறுத்தியிருக்கா. நீ மதுரைக்கு மூட்டை கட்டுற. நான் வாயை மூடிக்கிட்டுத் திருப்பூருக்குப் போகணுமா?"

"டாக்டர்கிட்டச் சொன்னதை நாம கேட்டுட்டோம். அது நம்ம சொத்து இல்ல. இதை வெளிய சொன்னா, நாளைக்கு எந்தப் பொம்பளை என்கிட்ட இங்க வலிக்குதுன்னு சொல்லுவா? ஏற்கெனவே தூசிங்கிறாங்க."

"அந்தப் பாக்கெட்டை இன்னொருத்தி வாங்கிப் போட்டா?"

யோசித்துவிட்டு, "அதை அவங்ககிட்டயே சொல்லுவோம். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் பயப்படுவாங்க" என்றாள்.

இது பாராட்டா என்று தெரியவில்லை. எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் பின்வாசல். தேவகுஞ்சரி காதில் சொன்னேன். "உன் விஷயம் என் வாயில இருந்து வராது. ஆனா அந்தத் தட்டு காலியாகணும். காலியாகலைன்னா, நான் சொன்னதை நானே மறந்துடுவேன்."

"நீங்களா மறக்கிற ஆளு?" என்றாள். வீங்கிய முகத்தோடு சிரித்தாள்.

ஆவணி 18, புதன்

பேன்சி ஸ்டோருக்குச் சோப்பு வாங்கப் போனேன். தட்டு காலி. "எலி கடிச்சுடுச்சுன்னு வீட்டுல எடுத்து எரிச்சுட்டா" என்றான் கடைப்பையன்களை விரட்டிக்கொண்டிருந்த நல்லதம்பி. எலி, தூசி, எறும்பு. இந்த ஊர்.

அவன் இன்னும் தலை ஆட்டவில்லை.

வாயை மூடி வைத்திருப்பதில் தாடை வலிக்கிறது. வெற்றிலையைப் போட்டு அடைத்திருக்கிறேன். மெர்சி என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், "ஆச்சி, ஏதோ தெரியும் உங்களுக்கு" என்று. பல்வலி என்றேன்.

ஆவணி 22, ஞாயிறு

கூட்டம்.

சங்கக் கட்டட மாடி. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் படிக்கட்டுப் பக்கம். சுகந்தி நல்ல சேலை கட்டியிருந்தாள், தலையை நிமிர்த்தி வைத்திருந்தாள். அவள் கை என் கையைப் பிடித்திருந்தது. கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேன் என்று பிடித்திருப்பாள்.

நல்லதம்பி எழுந்து போனைப் பார்த்து வாசித்தான். டை. ஒத்துக்கல. அனுப்பிட்டோம். "அவங்க கைப்பட எழுதினது. இதுக்கு மேல என்ன வேணும்?"

நான் எழுந்தேன்.

"எழுதினவ நான்தான். டை ஒத்துக்கலன்னு எழுதல. பொட்டு வைக்க அவ ஒத்துக்கல. அதான் டை அடிக்காம அனுப்பிட்டோம்."

"எழுதிப்போட்டுட்டு இப்ப அர்த்தத்தை மாத்துறீங்களா ஆச்சி?" என்றான் வெல்லமண்டிக்காரன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

என் வாய்க்குள் பேன்சி ஸ்டோர் தட்டு முழுவதும் வந்து நின்றது. திறந்தால் கொட்டிவிடும். சுகந்தியைத் திரும்பிப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

விழுங்கினேன். அப்புறம் வேறு ஒன்று தோன்றியது.

"தம்பி நல்லதம்பி. அர்த்தத்தை நான் சொல்ல வேண்டாம், நீயே சொல்லு. உனக்குக் கல்யாணமான நாள்ல இருந்து உன் சம்சாரம் எதுக்காவது, ஒரே ஒரு தடவை, ஒத்துக்கிட்டிருக்காளா? நெஞ்சில கை வச்சுச் சொல்லுய்யா."

நல்லதம்பி வாயைத் திறந்தான், மூடினான். வெல்லமண்டிக்காரன் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பின்னாலிருந்து ஒருவன், "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறப்போ அண்ணாச்சி பச்சைன்னாரு" என்றான். இன்னொருவன், "சங்கத்து டூருக்குக் குற்றாலம்னாரு" என்றான். அவ்வளவுதான், நாற்காலிகள் ஆட ஆரம்பித்தன. நல்லதம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துண்டுக்குள் அவனுமே சிரித்தான்.

"இல்ல பெரியம்மா" என்றான். "ஒத்துக்கிட்டதில்ல."

"என்ன இல்ல?"

படிக்கட்டிலிருந்து தேவகுஞ்சரி. முக்காட்டோடு வந்து நின்றிருந்தாள். சிரிப்பெல்லாம் நின்றது. நேராக நடுவில் வந்து முக்காட்டை எடுத்தாள். தோல் உரிந்த நெற்றியை எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் ஒத்துக்கலதான். பொட்டு வச்சுக்கோன்னு சுகந்தி கெஞ்சினா. வைக்காம அடிக்க மாட்டேன்னா. நான் கோபத்துல வந்து வீட்டுல நானே அடிச்சுக்கிட்டேன். அவ மேல பொய் சொன்னேன்."

"எதை அடிச்சீங்க மதினி?" என்றான் வெல்லமண்டிக்காரன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். எலி கடித்த தட்டு அவனுக்கு அந்த நிமிஷம் விளங்கியது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் வாயைத் திறக்கப் போனாள். நிச்சயமான மகள் படிக்கட்டில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அதை டாக்டர்கிட்டச் சொல்லிட்டா. நீ என்ன டாக்டரா? வெல்லத்தைப் போய் நிறு" என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் மூடியே இருந்து பழகிவிட்டது போலிருக்கிறது.

தேவகுஞ்சரி எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனதே இவங்கதான். எப்ப வாயைத் திறப்பாங்களோன்னு இத்தனை நாளும் பயந்துக்கிட்டுக் கிடந்தேன். திறக்கல. இந்தப் பெரியம்மாவே திறக்கல!"

அதற்கும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

கடை இருக்கட்டும் என்று முடிவாயிற்று. இறங்கும்போது நல்லதம்பி எனக்குத் தலை ஆட்டினான். நான் பார்க்காத மாதிரி போனேன். ஒரு தடவை அவனும் பட்டுப் பார்க்கட்டும்.

ஆவணி 24, செவ்வாய்

மதுரைக்காரர்கள் போன் பண்ணினார்கள். சுகந்தி, "இல்லங்க, வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க" என்றாள்.

என்னை யாரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

குழம்பில் புளி சரியாக இருந்தது. சொல்லவில்லை.

புரட்டாசி 5, ஞாயிறு

பதிவேட்டில் சுகந்தி கட்டத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறாள். காதுக்குப் பின்னால் பொட்டு வைத்துக்கொள்ள இப்போது வரிசை. வலிக்கிறது என்று இன்று இரண்டு பேர் வாய்விட்டே சொன்னார்கள். ஒருத்தி தேவைக்கு மேலேயே கத்தினாள்.

ஐப்பசி 10, ஞாயிறு

தேவகுஞ்சரி மகள் கல்யாணம். பெண்ணுக்கு அலங்காரம் எங்கள் கடைதான். விடிவதற்கு முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டோம். பதிவேட்டையும் எடுத்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை, மெர்சி தன் விரலைத் தானே சுட்டுக்கொண்டதைத் தவிர.

பெண்ணை முடித்துவிட்டுச் சுகந்தி தேவகுஞ்சரியைத் தேடினாள். அவள் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாள். முன்னந்தலையில் வெள்ளை இரண்டு விரல் அகலத்துக்கு ஏறியிருந்தது, கீழே பழைய கறுப்பு திட்டுத் திட்டாக. இந்தத் தலையோடு மணவறைக்கு வர மாட்டேன், கல்யாணத்தை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று உள்ளேயிருந்தே சொன்னாள். நல்லதம்பி கெஞ்சினான். மகள் கெஞ்சினாள். ஒத்துக்கவில்லை.

"கதவை மட்டும் திறங்க மதினி" என்றாள் சுகந்தி. "பிடிக்கலைன்னா மறுபடியும் சாத்திக்கலாம்."

திறந்தாள். சுகந்தி அவளை உட்கார வைத்துச் சீவினாள். எதையும் மறைக்கவில்லை. வெள்ளையை அப்படியே நெற்றியிலிருந்து மேலே தூக்கி வாரினாள். கறுப்பு முழுவதையும் உள்ளே சுருட்டிப் பெரிய கொண்டையாகப் போட்டாள். சுற்றிலும் கனகாம்பரம். ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

தேவகுஞ்சரி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாகவே என்னைக் கேட்டாள்.

"எப்படி இருக்கேன் பெரியம்மா?"

அந்த வெள்ளைக்கும் அந்தப் பட்டுச் சேலைக்கும், ராஜா வீட்டு அம்மா மாதிரி இருந்தாள். இந்த ஊரில் அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை.

"பரவாயில்ல" என்றேன்.

அதற்கு மேல் என் வாயிலிருந்து வராது. அவளுக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து மணவறைக்குப் போனாள்.